லோ வோல்டேஜ்: குறை தெருவிலா, வீட்டிலா?

பழைய வீடுகளில் சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும். டியூப் லைட் கண் சிமிட்டும், ஃபேன் சோம்பல் முறிக்கும், மிக்ஸி தேங்காயைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டு நின்றுவிடும். "லோ வோல்டேஜ்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

இப்போது அந்தக் கண் சிமிட்டல் குறைந்துவிட்டது. வோல்டேஜ் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, எல்.இ.டி. பல்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்! பெரும்பாலான எல்.இ.டி. பல்புகள் 180 வோல்ட்டிலும் பளிச்சென்று எரியும். குறை ஃப்ரிட்ஜுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 6 சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. 180 ஆகிவிட்டால் கால் பங்குகூடக் குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் சூடாக்கும் சாதனங்களின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 180 வோல்ட்டில் சுமார் 610 வாட்தான் தரும். மோட்டாரின் கிளம்பும் விசையும் இதே கணக்கில்தான் குறையும். கிளம்ப முடியாத ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் அதிக கரண்ட்டை இழுத்து, உள்ளே இருக்கும் காயிலைச் சூடாக்கிக்கொள்ளும்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது ஸ்டெபிலைசர். அது வோல்டேஜை உயர்த்தித் தரும், உண்மை. ஆனால் சும்மா தராது. 180 வாங்கி 230 கொடுக்க வேண்டுமானால், லைனிலிருந்து கால் பங்குக்கும் அதிகமாகக் கூடுதல் கரண்ட்டை இழுக்க வேண்டும். தெருவில் எல்லோரும் இப்படி இழுத்தால் கடைசிக் கம்பத்து வீட்டில் வோல்டேஜ் இன்னும் விழும். த்ரீ ஃபேஸ் வீடுகளில் நல்ல ஃபேஸுக்கு மாற்றிக்கொள்வதும் இப்படித்தான். எல்லோரும் மாறினால் அந்த நல்ல ஃபேஸும் படுத்துவிடும்!

குறை தெருவில் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால் விஷயம் இன்னும் மோசம். கும்பகோணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்த அலுமினிய வயரிங், பீங்கான் ஃப்யூஸ். வீட்டுக்கார அம்மா வயர்மேனைக் கூப்பிட்டு, "தம்பி, நல்ல ஸ்டெபிலைசரா ஒண்ணு சொல்லுப்பா" என்றார்.

"இருங்கம்மா, மொதல்ல மெயின்ல பாத்துடலாம்" என்றார் அவர்.

எதுவும் ஓடாதபோது மெயினிலும் சமையலறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 220. பிறகு சமையலறையில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைப் போட்டுப் பார்த்தார். மெயினில் 216, சமையலறையில் 192. நடுவில் 24 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஓடிய கரண்ட் ஐந்தரை ஆம்பியர் என்றால், சுமார் 130 வாட் சுவருக்குள் எங்கோ சூடாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தேடியதில், உத்தரத்தின் ஓரம் அலுமினிய வயரையும் செம்பு வயரையும் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் கருகிப் போயிருந்தது. பக்கத்து மரச்சட்டமும் கறுத்திருந்தது. ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டியிருந்தால் அதே ஜாயிண்ட்டில் இன்னும் அதிக கரண்ட் ஓடியிருக்கும்!

அதனால் காசைச் செலவழிப்பதற்கு முன் அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை. சாயங்கால நேரத்தில், பெரிய லோடு ஓடும்போது, மீட்டர் பக்கத்திலும் அறையிலும் வயர்மேனை அளக்கச் சொல்ல வேண்டும். மீட்டரிலேயே குறைவு என்றால் குறை தெருவில். நேரத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு, 2021-ல் தொடங்கிய மின்னகம் எண்ணில் (94987 94987) புகார் கொடுக்கலாம். தெருவே சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. மீட்டரில் சரி, அறையில் மட்டும் குறைவு என்றால் வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு அறையில் ஏதாவது போட்டதும் இன்னொரு அறை விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், அது லோ வோல்டேஜ் அல்ல. நியூட்ரல் வயர் கழன்றிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

ஸ்டெபிலைசர் விலை விசாரிப்பதெல்லாம் இதற்கப்புறம்தான்.