ஒன்றரை அங்குலத் துண்டு

ஒரு ஷாட்டுக்கு இரண்டே பிரேம். என்னிடம் எடிட்டிங் கற்கும் பையன் அப்படி வெட்டிக் கொண்டுவந்தால், "கண்ணுல படுறதுக்குள்ள போயிடுமே தம்பி" என்று திருப்பி அனுப்புவேன். 'அக்டோபர்' படத்தில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் அதைத்தான் செய்திருக்கிறார். 1917 ஜூலை. பெத்ரோகிராத் தெருவில் ஊர்வலத்தின் மேல் இயந்திரத் துப்பாக்கி சுடுகிறது. சுடுபவன் முகம், துப்பாக்கி, முகம், துப்பாக்கி. நிறுத்திப் பார்த்தால் இரண்டு அசையாப் படங்கள்தான்; ஓடவிட்டால் என் தோள்பட்டை இறுகுகிறது. படமோ மௌனப் படம்.

35 எம்.எம். பிலிமில் இரண்டு பிரேம் ஒன்றரை அங்குலம். அந்தத் துண்டு ஒவ்வொன்றையும் கையால் வெட்டி ஒட்டியாக வேண்டும். இன்று மவுஸைப் பிடித்திருக்கும் எனக்கு அந்த விரல்களை நினைத்தால் பொறாமைதான்.

பாலக் காட்சியில் அதே கை காலத்தை இழுக்கிறது. தொழிலாளர்கள் நகர மையத்துக்குள் வராதபடி பாலத்தைத் தூக்குகிறார்கள். செத்துக் கிடக்கும் பெண்ணின் கூந்தல் பிளவின் மேல் மெல்ல வழுகுகிறது. வண்டியில் பூட்டிய வெள்ளைக் குதிரை உயரத்தில் தொங்குகிறது. பாலம் ஏறுகிறது, மறுபடி வேறு கோணத்தில் ஏறுகிறது. எழுந்து முடிய நிஜத்தில் ஆகும் நேரத்தைவிட அதிகம். எனக்கு அது உறுத்தியதே இல்லை.

கிறிஸ்து சிலையில் தொடங்கி மரப் பொம்மைத் தெய்வங்கள்வரை வரிசையாகக் காட்டும் பகுதிதான் எனக்கு ஒட்டவில்லை. அறிவுக்குப் புரிகிறது, உடம்புக்கு ஏறவில்லை.

1917 ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக சோவியத் அரசு எடுக்கச் சொன்ன படம் இது. 1927 இறுதியில் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வரும் காட்சிகளை வெட்டி, 1928-இல்தான் படத்தை வெளியிட்டார்கள். துப்பாக்கியைப் பேசவைத்த அதே கத்தரிதான். தயாரிப்பாளர் சொல்லி ஒரு நடிகரை முழுசாகத் தூக்கிய அனுபவம் எனக்கும் உண்டு; வெட்டிய இடம் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன், அதில் கொஞ்சம் பெருமைகூட.

சில வருடம் முன்பு ஒரு டாக்குமெண்டரிக்கு 'குளிர்கால அரண்மனை, 1917, நிஜக் காட்சி' என்று பெயரிட்ட கிளிப் வந்தது. கூட்டம் வாயிற்கதவில் ஏறிக் குதிக்கிறது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இந்தப் படம்தான். ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து அதே பெத்ரோகிராத், லெனின்கிராத் என்று பெயர் மாறிய பிறகு எடுத்தது; நிஜ அக்டோபரில் அந்த அரண்மனை இவ்வளவு அமளியில்லாமலே புரட்சியாளர் கைக்கு மாறியது. ஃபைல் பெயரை மாற்றி, 'படக் காட்சி' என்று கீழே எழுத்துப் போடலாம் என்றேன்.

"அதைப் போட்டா எஃபெக்டே போயிடும் சார்" என்றார் இயக்குநர்.