படகில் வந்த சைக்கிள், மலையில் படும் பாடு

கொச்சியை அடுத்த போல்காட்டி தீவில் 2010-ல் ஒரு படகுத்துறை திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியதும், உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் ஒன்றிரண்டாக அங்கே வந்து ஒதுங்கும். இப்படிப்பட்ட படகுகளில் மடக்கு சைக்கிள் சர்வசாதாரணம். தண்ணீர் கேன், காய்கறி, டீசல் என்று கரையில் எதற்கும் அலைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்குக் கை காட்டி மாளாது.

கடைத்தெருவுக்குப் போய்வர எந்த சைக்கிளும் போதும். கேரளத்தின் கிழக்கு எல்லை வரை போய்த் தமிழகத்தை எட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும்போதுதான் சிக்கல். பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் ஒரே சைக்கிளைக் கேட்பதில்லை.

படகு கேட்பது வேறு. முப்பதடிப் படகில் படுக்கைக்குக் கீழேயும் பாய் வைக்கும் பெட்டியிலும் மிஞ்சுகிற இடத்தில்தான் சைக்கிள் அடங்க வேண்டும். 1970-களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கிய பிராம்ப்டன் இதில் கெட்டிக்காரன். 16 அங்குலச் சக்கரம். மடக்கினால் ஒரு பெட்டி அளவுதான். ஆனால் அதன் சட்டம் பெரும்பாலும் எஃகு. பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று பட்டால் துரு ஏறும். அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. அலுமினியத்தில் எஃகு போல்ட் இறங்கும் இடத்தில் உப்புநீர் தங்கினால், வெள்ளைப்பொடி பூத்து அலுமினியம் அரிக்கப்படும். போல்ட்டும் கழற்ற முடியாதபடி இறுகிப்போகும்.

பாலக்காட்டுக்கு இந்தச் சின்னச் சக்கரமே போதும். மடக்கி உறையில் போட்டு ரயிலில் கொண்டுபோய் இறக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிற கணவாய். ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாளையார் நெடுஞ்சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டுவதைவிட சித்தூர், கொழிஞ்சாம்பாறை வழி நல்லது. வயலும் பனையும் கள்ளுக்கடையுமாக, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் பகுதி. (வாளையார் சோதனைச் சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நின்ற காலம் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போயிற்று.) இங்கே எதிரி காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கோவைப் பக்கம் பாயும் காற்று, படகுகள் வரும் டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வறட்சியாக அடிக்கிறது. எல்லைக்குப் போகும்போது முகத்தில் அறையும். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வரும். பாய் விரித்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான்.

இடுக்கியில் கணக்கே மாறுகிறது. கொச்சியிலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு சுமார் 130 கிலோமீட்டர். அதுவரை சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். பிறகு தேவிகுளம், பூப்பாறை, எல்லையில் போடிமெட்டு. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். ஏறுவதற்கு கியர் இல்லையென்றால் தள்ளிக்கொண்டு நடக்கலாம், மானம் மட்டும்தான் போகும். இறங்கும்போது பிரேக் போனால் ஆளே போகலாம். சின்னச் சக்கரத்தின் விளிம்பில் உலோகம் குறைவு. ரப்பர் கட்டை விடாமல் உரசினால் விளிம்பு சீக்கிரம் சூடேறும்; டியூப் வெடிக்கவும் கூடும். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். நடுச்சட்டத்தின் கீல், ஹேண்டில் பூட்டு இரண்டையும் போடிமெட்டு டீக்கடையிலேயே ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுவது உயிருக்கு நல்லது. ராமக்கல்மேட்டில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்க நிற்பவரின் சைக்கிளையும் சாய்த்துவிடும்.

இரண்டு எல்லையும் வேண்டும் என்பவர் படகில் கொஞ்சம் இடத்தைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். 20 அங்குலச் சக்கரம், ஏழெட்டு கியர், டிஸ்க் பிரேக், துருப்பிடிக்காத எஃகு ஆரங்கள். மடக்கினால் பிராம்ப்டனைவிடப் பெரிய மூட்டைதான். ஆனாலும் போடிமெட்டு இறக்கத்தை மனதில் வைத்தே பிரேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டிலுக்கடியில் இருக்கும் இடத்தை வைத்து அல்ல.

பராமரிப்பில் ரகசியம் ஒன்றும் கிடையாது, சோம்பல்தான் பகை. மேல்தளத்தில் கட்டிவைத்த சைக்கிள் சில வாரங்களிலேயே துருவைக் காட்டத் தொடங்கும். அதை உள்ளே வைக்க வேண்டும். ஈரத்தோடு உறையில் மூடுவது திறந்து வைப்பதைவிட மோசம். படகில் நல்ல தண்ணீர் அளந்து செலவழிக்கிற பொருள் என்பதால், கழுவுவதைக் கரைக்குழாயிலேயே முடித்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெயும் போல்ட்டுகளுக்கு கிரீஸும் போட்டு, காய்ந்த பிறகே ஏற்றுவார்கள். நங்கூரமிட்ட படகுக்குச் சிறுபடகிலிருந்து கைமாற்றும்போது, சட்டத்தில் ஒரு கயிறு முடிந்திருக்கும். கை நழுவினால் காயல் சேற்றிலிருந்து இழுத்தெடுக்க அது ஒன்றுதான் வழி.