கோரமண்டல் ரயிலில் முதல் வருஷம்

மாரிகுப்பத்தில் புறப்பட்டு, சாம்பியனிலும் உரிகத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு கோரமண்டலுக்கு வந்து நிற்கும் காலை ரயிலில், 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட நாள் தொட்டுப் பெங்களூரில் பிழைப்புத் தேடுகிறவர்களே மிகுதியாகப் பிரயாணம் செய்கிறார்கள் என்றாலும், கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் அந்த நெரிசலினூடே புது நோட்டுப் புத்தகத்தை அணைத்தபடி ஒதுங்கி நிற்கும் சில இளம் முகங்களும் தென்படும். இவர்களுடைய பாட்டனார்கள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்த பரம்பரையைச் சேர்ந்தவர்கள். ஆனால் இன்டர்னல் டெஸ்டுக்கு எப்படிப் படிப்பது, ஒரு மணி நேரம் இங்கிலீஷில் ஓடும் பாடத்தில் எதைக் குறித்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டால் விடை சொல்லத்தக்கவர் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் பலவற்றில் எவரும் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்பம்' என்னும் பெயரால் புதிய மாணாக்கரை வரவேற்றுப் பழக்கும் முறையொன்றை வகுத்தளித்தது. நல்ல காரியந்தான். எனினும் குத்துவிளக்கும் உபதேசங்களுமாக எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே முடித்துவிட்டு, முதல் டெஸ்டின் மதிப்பெண்களைப் பார்த்துப் பையன் திகைத்து நிற்கும் இரண்டாம் மாதத்தில் ஏனென்று கேட்க ஆளில்லாமற் போவது, பசி எடுக்குமுன் இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பசித்த வேளையில் அடுப்பை அணைத்துவிடுவதற்கு ஒப்பாகும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குறையை ரயில் ஓரளவு நிவர்த்தி செய்கிறது. ஒரு மாலை, மாலூர் வருமுன், எதிர் பெஞ்சியிலிருந்த பெண், "அக்கா, சார் பேசறதெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டாள். ஒரு வருஷமே மூத்தவளான மற்றவள், "எழுதினா கைதான் வலிக்கும்" என்று சிரித்து, பக்கத்தின் இடப்புறம் நான்கு விரற்கடை விட்டுக் கோடு கிழித்து, வலப்புறம் பாடத்தையும் இடப்புறம் அதற்குரிய கேள்விகளையும் எழுதச் செய்து, பின்பு வலப்புறத்தைத் துப்பட்டாவால் மூடிக் கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்லச் சொன்னாள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து வால்டர் பாக் என்னும் ஆசிரியர் 1962-இல் வெளியிட்ட நூலில் விவரித்த முறையும் ஏறத்தாழ இதுவே. இவ்விருவரும் அவர் பெயரைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிப்போகிறது என்று எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே பரீட்சித்து 1885-இல் எழுதினார். ஆதலால் அன்றைய பாடத்தை அன்று மாலையே திருப்பிப் பார்க்க, தப்பியோட வழியில்லாத இந்தப் பெட்டியைவிட உசிதமான இடம் வேறில்லை.

கல்லூரி நிர்வாகத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: தீக்ஷாரம்பத்தில் பாதியையாவது முதல் டெஸ்ட் முடிந்த வாரத்துக்கு ஒத்திவைத்து, மேடையை இரண்டாம் வருஷத்து மாணவர்களிடம் விட்டுவிடலாம். ரயில் தாமதித்த நாட்களில் முதல் பீரியட் ஆஜர் விஷயத்திலும் சற்றுத் தாட்சணியம் காட்டலாம்.