சட்டையில் ஒரு சிவப்புப் பூ

லண்டனில் படிக்கப்போன முதல் ஆண்டு. நவம்பர் குளிரில், ரயில் நிலைய வாசலில் ஒரு முதியவர் காகிதப் பாப்பி மலர்களுடன் நின்றிருப்பார். மார்பில் பதக்கங்கள், கையில் உண்டியல். ‘இது வெள்ளைக்காரர்களின் போர், எனக்கென்ன?’ என்று தினமும் கடந்து போனேன்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, இறந்தவர்களுக்காகவா இந்த வசூல் என்று கேட்டேன்.

“இல்லை, உயிரோடு திரும்பியவர்களுக்கு” என்றார். பிறகு, “எந்த ஊர்?”

“சிங்கப்பூர்.”

“கிராஞ்சிக்குப் போயிருக்கிறாயா?”

வெட்கமாக இருந்தது. எம்ஆர்டியில் அந்த வழியே எத்தனையோ முறை போயிருக்கிறேன். போர் நினைவிடத்துக்குப் போனதில்லை.

அன்றிரவு தேடிப் படித்தேன். முன்னாள் வீரர்களின் சங்கமான ராயல் பிரிட்டிஷ் லீஜியன் 1921ல் தொடங்கியது. அந்த ஆண்டே 9 மில்லியன் பூக்கள் விற்று 106,000 பவுண்டு திரண்டது. வேலையும் வீடும் இல்லாமல் தவித்த வீரர்களுக்கு அது உதவியது. உடல் ஊனமுற்ற வீரர்களே பூ செய்து சம்பாதிக்க, மறு ஆண்டு ஒரு தொழிற்சாலையும் வந்தது.

விடுமுறையில் கிராஞ்சிக்குப் போனேன். கல்லறையே இல்லாத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் உள்ளன. இந்தியப் படையினரின் பெயர்கள் வரிசை வரிசையாக வந்தன. எனக்கென்ன என்று கேட்டவள், வெயிலில் நின்று வாசித்தேன்.

அடுத்த நவம்பரில் அந்த வாசலில் வேறொருவர் நின்றார். அவரைப் பற்றிக் கேட்கத் துணிவு வரவில்லை. உண்டியலில் பணம் போட்டுவிட்டு, பூவைச் சட்டையில் குத்திக்கொண்டேன்.