தவளை முத்திரை

ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்து ஒபீஸில் சில வருடங்கள் கிளாக்கராக இருந்தேன். கொழுந்துக் கணக்கோடு 'சேர்ட்டிபிகேட் பைல்' எழுதுவதும் என் பொறுப்பு. ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் பச்சைத் தவளை முத்திரைக்கான பைல் அது. தவளை வாழும் இடத்தில் மண்ணும் நீரும் நன்றாக இருக்கும் என்பதால் அதை அடையாளமாக வைத்தார்களாம். லிப்டன் தேயிலைக்கு இப்படிச் சான்று பெற்ற தோட்டங்களில் கொழுந்து வாங்கப் போவதாக யுனிலீவர் 2007இல் அறிவித்ததோடு அந்த முத்திரைக்குச் சந்தையில் மதிப்புக் கூடியது. மலையகத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

ஓடிட் வரும் வாரம் தோட்டமே மாறிவிடும். மரங்களில் பெயர்ப்பலகை ஏறும். மருந்தடிக்கிற ஆட்களுக்குப் புதுக் கையுறையும் முகமூடியும் வெளியே வரும். வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதைக் காலையில் பிரட்டுக்களத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

"தவளைக்கு நல்ல காலம் நானா. நம்ம லயத்துக் கூரைய யாரு கேக்கப்போறா?" என்றார் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் எல்லாவற்றையும் ஏளனமாகவே பார்த்தார்கள் என்று சொன்னால் அநியாயம். ஓடைக்கரையில் மருந்தடிக்கக் கூடாதென்ற விதி வந்தபோது அதைப் பெரிதாகச் சொன்னவரும் அதே அக்காதான். அந்த ஓடையில்தான் லயத்துப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எது நன்மை என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லவேண்டியதில்லை.

அவர்களை உலுக்கியது 2021ஆம் ஆண்டு. அந்த மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். எங்கள் மலைகளில் கொழுந்து குறைந்தது. 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். செடி தராத கொழுந்தை எங்கே போய்ப் பறிப்பது? மலையில் நின்ற நேரம் குறையவில்லை; செக்ரோலில் நான் எழுதிய அரைப்பேர்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின. நவம்பரில் தடை நீங்கியது. இழந்த பேரை யாரும் திருப்பித் தரவில்லை.

மண்ணையும் நீரையும் காப்பது நல்ல காரியம். அதன் செலவு யாருடைய கூடையில் நிறுக்கப்படுகிறது என்பதே கேள்வி. எங்கள் பைலில் மரத்துக்கும் பறவைக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. பசளை குறைந்தால் கிலோவும் குறையவேண்டும் என்று எழுத ஒரு கட்டம் இருக்கவில்லை. அந்த அக்காவைக் கேட்டிருந்தால், முதலில் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பார்.