அசையும் காற்றுக்கு அப்பால்

நமது பங்கு இல்லத்தின் முன்னறையில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, சட்டமிட்ட சிறிய ஒளிப்படம் ஒன்று தொங்குகிறது. கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சு நிற வட்டம். அதன்மேல் சற்றே கரிய கறை. ஓரத்தில் மங்கிய வெண்மை. அவ்வளவுதான். திருமண ஓலை எழுத வருவோரும், பூசைக் கருத்துக் கொடுக்க வருவோரும், "இது என்ன சாமி?" என்று கேட்காமல் போவதில்லை. செவ்வாய்க் கோள் என்போம். "இவ்வளவுதானா?" என்னும் ஏமாற்றம் அவர்கள் முகத்தில் தெரியும்.

விவரம் அறிந்த இளைஞர் ஒருவர், "2020 அக்டோபரில் நீங்கள் எடுத்த படம் இதைவிட எவ்வளவோ தெளிவாக இருக்கிறதே. அதை விட்டுவிட்டு இதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விடையே இக்கட்டுரை.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் படைப்பைப் பற்றி நிறையப் படித்தோம். படைப்பை நிமிர்ந்து பார்க்கத்தான் நேரம் இருக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஊரைவிட்டுச் செல்லும் வேளையில் தம் தொலைநோக்கியை நமக்குத் தந்து சென்றார். எட்டு அங்குலக் குழியாடி கொண்டது. அன்றுமுதல் பங்கு இல்லத்தின் கொல்லைப்புறம் நமக்கு இரண்டாவது செபக்கூடமாயிற்று என்றால் மிகையாகாது.

பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்த வேலை ஓர் ஒழுக்கத்தைக் கேட்டது. பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் தளம் இரவில் அனலைக் கக்கும். ஆகையால் கருவியைப் புல்தரையில் நிறுத்த வேண்டும். ஆடியின் சூடு தணிய ஒருமணி நேரம் முன்னதாகவே அதை வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து கண்ணை வைத்தால், கோள் நடுங்கும். ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் காசு நெளிவதுபோல் நெளியும். நடுங்குவது கோளன்று, நமக்கும் அதற்கும் இடையே உள்ள காற்று. சூடும் குளிருமாய்க் கலந்து புரளும் காற்றடுக்குகள் ஒளியை இங்குமங்கும் வளைத்து அலைக்கழிக்கின்றன. எப்போதாவது ஒரு நொடி, அரைநொடி, காற்று அமைதியுறும். அப்போது மட்டும் கோள் தன் முகத்தைக் காட்டும்.

அந்த அரைநொடியைக் கேமராவில் பிடிப்பது எப்படி? ஒரே ஒரு படம் எடுத்துப் பயனில்லை. கண்வில்லையைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் சிறிய கேமராவைப் பொருத்தி, நொடிக்கு 60 படம் வீதம் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் 7,200 படங்கள் கிடைக்கும். மடிக்கணினி அவற்றைத் தரம் பிரித்து, தெளிவானவை என்று 700 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கும். மீதமுள்ள 6,500 படங்களும் கழிவே. விருப்பம்போல் நேரத்தை நீட்டிக்கவும் இயலாது. வியாழன் பத்து மணி நேரத்திற்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால், சில நிமிடங்கள் கூடினாலும் அதன் பட்டைகளில் உள்ள நுண்விவரங்கள் இழுபட்டு மங்கிவிடும்.

வண்ண வடிகட்டிகளின் கதை இன்னும் சுவையானது. நமது கேமரா கறுப்பு வெள்ளை மட்டுமே அறியும். சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளை முறையே அதன்முன் வைத்து மூன்று தடவை எடுத்து, மூன்றையும் இணைத்தால்தான் வண்ணப்படம். செவ்வாயைச் சிவப்புக் கண்ணாடி வழியே நோக்கினால் கரிய நிலப்பரப்புகள் துலங்கும். நீலத்தின் வழியே நோக்கினால் நிலம் மங்கி, மெல்லிய மேகங்கள் தென்படும். வெள்ளிக்கோளோ வெறுங்கண்ணுக்கு ஒளிரும் வெள்ளை உருண்டை மட்டுமே; புறஊதா ஒளியை மட்டும் விடும் கண்ணாடியைப் பொருத்தினால்தான் அதன் மேகக் கோலங்கள் வெளிப்படும். எந்தக் கண்ணாடியும் பொய் சொல்வதில்லை. எந்தக் கண்ணாடியும் முழுமையைச் சொல்வதுமில்லை.

"சாமியாருக்கு எதற்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்டதுண்டு. சீயம் நாட்டிற்கு 1687-இல் அனுப்பப்பட்ட பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கணிதமும் வானியலும் கற்றவர்கள். 1688-இல் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நிகழவே, அவர்களுள் சிலர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ரிஷோ அடிகளார் 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் கவனித்துக் கொண்டிருந்தபோது, தென்வானின் பேரொளி விண்மீனாகிய ஆல்பா சென்டாரி உண்மையில் இரட்டை விண்மீன் என்று கண்டறிந்தார். அதே குழுவில் சீயம் சென்று வந்தவர்தாம் வெனான்சியுஸ் புஷே அடிகளார். நம் மாவட்டத்து ஆவூரில் ஆலயம் எழுப்பி, பெரியநாயகி அன்னையின் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தவர் அவரே. ஆகவே இந்த மண்ணின் விசுவாசத்திற்கும் தொலைநோக்கிக்கும் பழைய உறவு உண்டு என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வோம்.

இனி 2018-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 31 அன்று செவ்வாய் பூமிக்கு ஏறத்தாழ 5 கோடியே 76 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வந்தது. 2003-க்குப் பின் அது அவ்வளவு நெருங்கியதில்லை. நாம் ஆவலோடு காத்திருந்தோம். ஆனால் இரவுக்கு இரவு படத்தில் கிடைத்தது வெறும் ஆரஞ்சு உருண்டை. கறையில்லை, கோடில்லை. சிவப்புக் கண்ணாடியை மாற்றி அகச்சிவப்புக் கண்ணாடியைப் போட்டோம். ஆடியைக் கழற்றிக் கழுவினோம். கேமராவைக் குறை சொன்னோம். பிறகே விவரம் அறிந்தோம்: அங்கே எழுந்த புழுதிப் புயல் கோள் முழுவதையும் மூடியிருந்தது. 2004 முதல் அங்கே ஊர்ந்து திரிந்த ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஆய்வு வண்டி, சூரிய ஒளி கிட்டாமல் ஜூன் 10-க்குப் பின் பேசாமலே போயிற்று. நமது கருவியில் குறையில்லை; முகம்தான் மறைந்திருந்தது.

அவ்வாண்டே புயல் நம் வாசலுக்கும் வந்தது. நவம்பர் 16, வெள்ளி அதிகாலை. கஜா என்னும் பெயரை நம் பகுதியில் யாரும் மறப்பதற்கில்லை. விடிந்தபோது, இரவில் நின்ற தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. ஓடுகள் பறந்தன, மின்கம்பங்கள் ஒடிந்து, வாரக்கணக்கில் மின்சாரமில்லை. பிள்ளைகளின் படிப்பும், மகளின் திருமணமும், முதுமையின் சோறும் தென்னையை நம்பியே இருந்த குடும்பங்கள் ஒரே இரவில் கைவிடப்பட்டன.

ஞாயிறன்று ஆலயம் நிறைந்திருந்தது. நாம் மறையுரையில் யோபுவின் பொறுமையை எடுத்துரைத்தோம். இழப்பும் இறைவனின் திட்டமே, அதை ஏற்பதே விசுவாசம் என்றோம். நன்றாகவே பேசினோம் என்று அப்போது எண்ணிக்கொண்டோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், திருப்பலி முடியுமுன்னரே எழுந்து வெளியே சென்றார். அவருடைய இருநூறு மரங்களில் பதினொன்றே மிஞ்சின. மறுவாரம் அவர் வரவில்லை.

ஓடு இழந்த குடும்பங்கள் பல இரவில் பங்குப் பள்ளியில் தங்கின. திருவருகைக் காலத்தின் முதல் வாரம். மின்விளக்கு இல்லாத ஊரில் வானம் முன்பு கண்டிராத அளவுக்கு நிறைந்திருந்தது. உச்சிக்குச் சற்றுத் தெற்கே சிவந்து ஒளிர்ந்த புள்ளியைச் சுட்டி, "அது என்ன சாமி?" என்று பிள்ளைகள் கேட்டனர். தொலைநோக்கியை வெளியே எடுத்தோம். அப்போது செவ்வாய் வெகுதூரம் விலகி, ஜூலையில் இருந்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஆனால் அங்கே புழுதி அடங்கியிருந்தது.

பிள்ளைகள் பார்த்துவிட்டு உறங்கச் சென்றபின், பேரனை அழைத்துப் போக வந்த அந்தப் பெரியவர் சற்றே தயங்கி நின்றார். பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். குனிந்து கண்ணை வைத்தார்.

"ஆடுதே சாமி."

ஆடுவது அதுவல்ல, இடையிலே இருக்கும் காற்று என்றோம்.

"அப்ப எப்பத்தான் நல்லாத் தெரியும்?"

எப்போதாவது ஒரு நொடி தெரியும், கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும் என்றோம். அவர் கண்ணை எடுக்கவில்லை. கால்மணி நேரம் இருக்கும். பிறகு மெல்ல, "ஆமா, கறுப்பா ஒரு திட்டு. இப்பத் தெரிஞ்சுது. போயிருச்சு" என்றார். நிமிர்ந்து நம்மைப் பார்த்தார்.

"அன்னைக்குப் பூசையில, எல்லாம் ஆண்டவர் திட்டம்னு சொன்னீங்களே சாமி. அது உங்களுக்கு இப்படித் தெரிஞ்சு சொன்னீங்களா, இல்ல ஆடிக்கிட்டிருக்கும்போதே சொல்லிட்டீங்களா?"

அக்குரலில் கோபமில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நம்மிடம் விடையில்லை. ஆண்டுக்கணக்கில் படித்த இறையியல் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. "தெரிந்து சொல்லவில்லை" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டு, உறங்கிய பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆலயத்து ஒலிபெருக்கிக்கென வைத்திருந்த மின்கலத்தைக் கொண்டு கேமராவையும் கணினியையும் இயக்கி, செவ்வாயைப் படமெடுத்தோம். முன்னறையில் தொங்குவது அந்தப் படமே. பின்னர் மெழுகுதிரி வெளிச்சத்தில் யோபு நூலைத் திறந்தோம். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில், நாம் மறையுரைக்கு எடுத்தது முதல் அதிகாரத்தை மட்டுமே. யோபு அதற்குப்பின் அழுததையும், வழக்காடியதையும், இறைவனையே கேள்வி கேட்டதையும் ஒதுக்கிவிட்டிருந்தோம். அவருடைய நண்பர்கள் மூவர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் உடன் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாய்திறந்தபின் தவறினார்கள். நாமோ மூன்றாம் நாளே வாய்திறந்துவிட்டோம். ஆயிரமாயிரம் படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டிய முகத்தை, நடுங்கும் ஒரே படத்தை வைத்து, இதுதான் என்று அறிவித்துவிட்டோம்.

காத்திருந்தால் கட்டாயம் தெரியும் என்றும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானியலார், வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியை நோக்கி 1760-இல் புறப்பட்டார். போரினால் கரையிறங்க இயலாமல், 1761-இல் அசையும் கப்பலில் இருந்தவாறு அதைக் கண்டும் அளக்க முடியாமற் போனார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கி, புதுச்சேரியில் ஆய்வுக்கூடமும் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, அந்த வேளை பார்த்து மேகம் மூடிற்று. கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது. 1771-இல் வீடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகவே ஊரார் முடிவு செய்திருந்தனர். இப்படியும் நேர்வதுண்டு. இதையும் சேர்த்துத்தான் இறைமக்களிடம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தூய பவுல், இப்போது நாம் காண்பது கண்ணாடியில் தெரியும் மங்கலான தோற்றமே என்று உணர்த்துகிறார். அத்தனை மறைபொருள்களை அறிந்த திருத்தூதரே அப்படி அடக்கமாகப் பேசினார் என்றால், நம்மைப் போன்றவர்கள் துயருற்றவர் வீட்டு வாசலில் எவ்வளவு தயங்க வேண்டும்! மங்கலாகத் தெரிவதால் முகமே இல்லையென்று ஆகிவிடாது; நடுங்குவது இடையிலுள்ள காற்று என்பதை நம்புகிறோம். ஆனால் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்வதற்குமுன், கண்ணை எடுக்காமல் அவர்களோடு சேர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, ஆயத்தம் செய்த மறையுரையை மூடிவைத்துவிட்டு, முன்பு சொன்னதற்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு சற்று நேரம் எல்லோரும் அமைதியாக இருந்தோம். பெரியவர் அன்று வந்திருக்கவில்லை. செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் பின்வரிசையில் அவரைக் கண்டோம்.

நாம் அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகி வந்து ஆண்டுகள் சில ஆகின்றன. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். புயலுக்கு மறுவருடம் அவர் நட்ட கன்றுகள் பாளை விட்டிருப்பதாக அண்மையில் சொல்லியனுப்பினார். இறைவனின் திட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. செவ்வாய் இன்னும் தெரிகிறதா என்று மட்டும் விசாரித்திருந்தார்.