ஹுவா ஹின்னில் ஒரு தபால்காரர்

"ரெண்டு பேரும் சயாமுக்கா போறீங்க?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். அவருடைய பெரியப்பா 1943-இல் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்; திரும்பி வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அந்த நாட்டுக்குத் தாய்லாந்து என்ற பெயர் இன்னும் வந்து சேரவில்லை. "இப்போ அங்கே எல்லாரும் உல்லாசத்துக்குப் போறாங்கம்மா" என்று சமாதானம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.

2025-ஆம் ஆண்டு நடுவாண்டுப் பள்ளி விடுமுறை அது. பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவுக் காரியங்களும் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து பேங்காக் போகும் இரவு ரயிலில் படுக்கை இடம் கிடைத்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுப் படுத்தோம். விடியற்காலையில் ஹுவா ஹின். புதிய நிலையம் தூண்களின் மேல் உயரத்தில் நிற்கிறது, 2023-இல் திறந்தார்களாம். சிவப்பும் வெளிர் மஞ்சளும் பூசிய பழைய மர நிலையத்தை இடிக்காமல் கீழேயே விட்டு வைத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் பயணக் களைப்பே போய்விட்டது.

மீனவர் கிராமமாக இருந்த இடம், ரயில் வந்த பிறகு பேங்காக் செல்வந்தர்களின் கடற்கரையாயிற்று. 1920-களில் பிரஜாதிபோக் மன்னர் இங்கே ஓர் அரண்மனை கட்டி அதற்கு 'கிளாய் காங்வோன்' என்று பெயர் வைத்தார். 'கவலைக்குத் தொலைவில்' என்று பொருளாம். அரண்மனையையும், குரங்குகள் ஆட்சி செய்யும் தாக்கியாப் குன்றையும் பற்றி எழுதத்தான் குறிப்புப் புத்தகம் எடுத்துப் போனேன். ஆனால் அதில் நிறைந்தது வேறு விஷயம்.

ஹுவா ஹின் தெருக்களில் வெள்ளைக்காரக் கிழவர்கள் அரைக்கால் சட்டையோடு, கையில் காய்கறிப் பையோடு நடந்து போகிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் நடை இல்லை; வீட்டுக்குப் போகிறவர்களின் நடை. எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிவிட்டவர். துரைமார் வேலை முடிந்தால் சீமைக்குப் போய்விடுவார்கள் என்று பாட்டி சொல்வார். சீமையில் வேலை முடிந்து கிழக்கே வந்து குடியிருக்கும் வெள்ளைக்காரர்களை நான் இப்போதுதான் பார்த்தேன்.

நாங்கள் தங்கிய விடுதிக்கு அடுத்த வீட்டில் அப்படி ஒரு தம்பதி. இரண்டாம் நாள் காலை, அந்தப் பெரியவர் சக்கர நாற்காலியை வாசற்படியில் இறக்க முடியாமல் திணறிக் கொண்டிருந்தார். நாற்காலியில் அவர் மனைவி. என் மனைவி ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள், மறுபக்கம் நான். அதற்குக் கூலியாகத் தேநீர் கிடைத்தது. பிறகு ஊர் திரும்பும்வரை தினமும் மாலைத் தேநீர் அங்கேதான். பெரியவருக்கு எண்பது வயது. இங்கிலாந்தின் வடபகுதியில் முப்பத்தொரு ஆண்டு தபால்காரராக இருந்தவர். அம்மாள் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். நான் பள்ளி ஆசிரியர் என்றதும், "உங்கள் பிள்ளைகளுக்கு மத்தியானம் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். என் மனைவி நாசி லெமாக்கிலிருந்து மீஹூன் வரை விளக்கியதில் அரை மணி நேரம் போயிற்று.

துரைமார்களைப் போன்றவர்கள் அல்ல இவர்கள். சம்பளத்துக்கு உழைத்து, கடன் வாங்கி ஒரு வீடு கட்டி, பனியிலும் மழையிலும் மூட்டு வலி கண்டவர்கள். 2006-இல் வீட்டை விற்றுக்கொண்டு வந்தார்கள். அப்போது ஒரு பவுனுக்கு ஏறக்குறைய எழுபது பாட் கிடைத்தது. நாங்கள் போன சமயம் அது நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கில் நின்றது. விலைவாசி மேலே போக, கையிலுள்ள பணம் கீழே போயிற்று.

அதைவிடப் பெரிய இடி உபகாரச் சம்பளத்தில். நாட்டை விட்டுப் போய் வசிப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசாங்கம் முதுமைப் பணம் அனுப்புகிறது. ஆனால் சில நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது ஆண்டுதோறும் உயரும். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு முதல் நாள் என்ன தொகையோ அதுவே சாகும்வரை. தாய்லாந்து இரண்டாவது வகை. நம் மலேசியாவும், இந்தியாவும், ஆஸ்திரேலியாவும் அப்படியே. பிலிப்பைன்சுக்குப் போயிருந்தால் உயர்ந்திருக்கும். அந்த நாட்டோடு உடன்பாடு இருக்கிறது. பெரியவர் 65 வயதில், 2010-இல், வாங்கத் தொடங்கியபோது முழு அடிப்படைத் தொகை வாரத்துக்கு 97.65 பவுன். 2025-இல் இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய பழைய சகாவுக்கு அதே தொகை 176.45 பவுன். இவருக்கு இன்னும் 97.65தான். நான் வாத்தியார் புத்தியோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 78.80 பவுன் வித்தியாசம். மாதத்துக்கு அது பதினாலாயிரம் பாட்டைத் தாண்டுகிறது. அவர்கள் கொடுக்கும் வீட்டு வாடகையோ ஒன்பதாயிரம்.

"இத்தனை வருஷம் நானும் அதே காசைத்தானே கட்டினேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தவறான முகவரிக்குப் போன கடிதத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னார். தபால் இலாகாவின் தனி உபகாரச் சம்பளம் ஒன்றும் வருவதால் வண்டி ஓடுகிறது.

அவர் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்கள் மூன்று அடுக்கியிருந்தன. எல்லாம் காகிதம். ஐம்பது வயதைத் தாண்டிய அந்நியர் 'ஓய்வு பெற்றவர்' என்று ஓராண்டு தங்க அனுமதி வாங்கலாம். அதற்குத் தாய்லாந்து வங்கியில் அவர் பெயரில் 800,000 பாட் இருக்க வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி. இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். முன்பெல்லாம் வருமானத்துக்குப் பிரிட்டிஷ் தூதரகம் ஒரு கடிதம் கொடுத்து வந்தது. 2019 முதல் கொடுப்பதில்லை. ஆகவே இவர்களுக்கு வங்கிப் பணம்தான் கதி. அந்தப் பணம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே முழுதாக இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் மூன்று மாதம் தொடக் கூடாது. மற்ற மாதங்களில் எடுத்தாலும் 400,000-க்குக் கீழே இறங்கக் கூடாது. சொந்தப் பணம்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரம் மாதிரி.

அனுமதி இருந்தாலும் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை, "நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று குடிநுழைவு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். இப்போது கணினி வழியாகவும் செய்யலாம். எங்கள் தபால்காரர் அதைத் தொடுவதில்லை. பதிவுத் தபாலில் அனுப்புகிறார். உள்ளே தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் வைக்கிறார். அதுவும் சட்டப்படி சரியான வழியே. "பத்தொன்பது வருஷத்தில் ஒரு உறைகூடத் தொலையவில்லை" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போவதென்றால், 1,000 பாட் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் ஓராண்டு அனுமதி அந்த இடத்திலேயே செத்துப்போகும். ஓய்வு அனுமதியில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அந்நியர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தில் 49 விழுக்காட்டுப் பரப்புவரைதான். இவர்கள் வாடகையே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

இதை எழுதும்போது அப்பாவின் நினைவு வருகிறது. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். முப்பது ஆண்டு வெள்ளையடித்த சுவரை அப்பா திரும்பிப் பார்த்தது என் கண்ணிலேயே நிற்கிறது. தங்கியிருக்க மற்றவரின் அனுமதி வேண்டும் என்ற நிலை நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் ஒருவர் அந்த நிலையில் நிற்பதைத்தான் நான் பார்த்ததில்லை.

சக்கர நாற்காலியின் கதைக்கு வருகிறேன். பிப்ரவரியில் அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. காப்புறுதி கிடையாது. வயது ஏற ஏறச் சந்தா ஏறி, எழுபதைத் தாண்டியபோது கட்ட முடியாமல் விட்டுவிட்டார்கள்; அந்த வயதில் புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் தயாராக இல்லை. இங்கிலாந்தின் இலவச மருத்துவமோ அங்கே வசிப்பவர்களுக்கு. அரசாங்க மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும். வலியில் துடிக்கிறவரை வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது? தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். முன்பணம் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது. 280,000 பாட் எடுத்தார். சட்டத்தை மீறவில்லை, கணக்கில் 520,000 மிச்சம் இருந்தது. ஆனால் ஆகஸ்டு இறுதியில் அனுமதி முடிகிறது. இரண்டு மாதம் முன்பே அது மீண்டும் 800,000 ஆக வேண்டும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அன்று, இன்னும் பதினாறு நாள் மிச்சம்.

நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கு வேண்டிய பணத்தைக் கணக்கில் காட்டித் தரும் தரகர்கள் இருக்கிறார்களாம். "தபால்தலை ஒட்டாத கடிதத்தை நான் ஒரு நாளும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊருக்கே திரும்பிப் போனால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. திரும்பிக் குடியேறினால் உபகாரச் சம்பளம் 176.45-க்கு ஏறிவிடும், மருத்துவமும் கிடைக்கும். ஆனால் வீடு? விற்ற பணம் பத்தொன்பது ஆண்டுச் சாப்பாடாகக் கரைந்துவிட்டது. அரசாங்க உதவி கேட்டால் நிலையாகக் குடியிருக்க வந்தவர்தானா என்று நிரூபிக்கச் சொல்வார்கள். எண்பது வயதில், நடக்க முடியாத மனைவியோடு, குளிர்காலத்துக்குள் போய் இறங்க வேண்டும்.

மறுநாள் பழைய காரை வாங்க ஒருவர் வந்தார். 170,000 பாட்டுக்குப் பேரம் முடிந்தது. பெரியவர் காரைத் துடைத்து, சாவியோடு எண்ணெய் மாற்றிய குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுத்தார். அன்று பிற்பகல் பச்சை நிற சோங்தியேவில் அவரோடு வங்கிக்குப் போனேன். நம் ஊரில் மறைந்துவரும் சேமிப்புப் புத்தகத்துக்கு இங்கே இன்னும் மதிப்பு. குடிநுழைவு அதிகாரி அதைத்தான் கேட்பாராம். இயந்திரத்தில் புத்தகத்தை விட்டார். கரகரவென்று அச்சடித்துத் துப்பியது. 690,000. மிச்சம் 110,000 வேண்டும்.

"மகன் இருக்கிறாரே?" என்றேன்.

"லாரி ஓட்டுகிறான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்" என்றார். வீடு வரும்வரை வேறு பேசவில்லை. அன்று இரவு இதை மனைவியிடம் சொன்னேன். "என்னங்க, அந்தம்மா போன வாரமே மகனுக்குப் போன் பண்ணிட்டாங்க. இவருக்குத் தெரியக் கூடாதாம்" என்றாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போகையில் சொன்னாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாதான் என்னிடம் பணம் கேட்பார்.

கடைசி மாலை பிஸ்கட் டின்களில் ஒன்றைத் திறந்து காட்டினார். தாய் மொழியில் எழுதிய உயில். வங்கிப் பணம் அவர் ஒருவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அவர் காலமானால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் மனைவி அதை எடுக்க முடியாது. அதற்காக வக்கீலை வைத்து எழுதியது. கூடவே ஒரு தாளில், பக்கத்துப் புத்த கோயிலில் தகனம் செய்தால் போதும், உடலை ஊருக்கு அனுப்பச் செலவழிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தூதரகம் அந்தச் செலவை ஏற்காதாம். அம்மாள் அந்தத் தாளைப் பார்க்காமல் என் மனைவியிடம் புளிச்சோறு செய்முறை கேட்டு எழுதிக் கொண்டிருந்தார்.

செப்டம்பரில் தோட்டப் பள்ளி முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. பதிவுத் தபால். உறையிலிருந்த தபால்தலைக்கு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பணம் மூன்று நாள் முன்னதாகவே நிறைந்துவிட்டது. ஓராண்டு முத்திரையும் விழுந்துவிட்டது. மகன் அனுப்பியது தெரிந்ததும் இரண்டு நாள் மனைவியிடம் பேசவில்லையாம். மூன்றாம் நாள் மகனுக்குக் கடிதம் எழுதினாராம். அம்மாள் கைத்தடியோடு கோயில் வாசல்வரை நடக்கிறார். புளிச்சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.

கடைசி வரியில் ஒரு கேள்வி. ஈப்போ பக்கம் சிறிய வீட்டுக்கு வாடகை என்ன இருக்கும் என்று கேட்டிருந்தார். நம் நாட்டு 'இரண்டாவது இல்லம்' திட்டத்தின் விதிகளை எடுத்துப் பார்த்தேன். 2024-இல் மாற்றிய விதிப்படி வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத் தொகை வேண்டும். வீடும் விலைக்கு வாங்க வேண்டும். அவருடைய உபகாரச் சம்பளம் இங்கே வந்தாலும் உயராது. தாளையும் பேனாவையும் எடுத்து வைத்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாளின் நலம் விசாரித்து, புளிச்சோற்றுக்குத் தண்ணீர் அளவு எழுதி முடித்துவிட்டேன். வாடகையைப் பற்றிய பகுதி இன்னும் எழுதப்படவில்லை.